அம்மாவின் கைக்குழியும் என் கால்வட்டமும்

குயில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வைக்காக ஒரே சதுரத்தை நாலாவது தடவையாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் மஞ்சள் கால்வட்டம், மீதி இடமெல்லாம் நீலம். படத்தில் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். தைத்து விரித்தால் வளைவை ஒட்டி நீலத் துணி அலை அலையாக எழுந்து நிற்கிறது, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி. இஸ்திரிப் பெட்டியை வைத்து அமுக்கினேன். அலைகள் படுத்தன. ஆனால் மடிந்து, கோடு கோடாகப் படுத்தன.

அம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னடி அது, தைக்கிற, பிரிக்கிற, மறுபடி தைக்கிற?"

கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா கும்பகோணத்தில் 38 வருஷம் வீட்டிலேயே பிளவுஸ் தைத்தவள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாங்கியதும் திருப்பினாள். தைக்கத் தெரிந்தவர்கள் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

"தையல்ல ஒண்ணும் தப்பில்ல. வெட்டினதுதான் தப்பு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. வெட்டியதில்தான் எனக்குப் பெருமையே. இரண்டு துணிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, ஒரே கோடு போட்டு, ஒரே வெட்டாக வெட்டியிருந்தேன். வெட்டிய துண்டுகளை மாற்றி வைத்தால் மஞ்சள் கால்வட்டம் நீலத்தின் குழிவுக்குள் இம்மி பிசகாமல் உட்காரும். அதைப் போட்டோகூட எடுத்து வைத்திருந்தேன்.

அந்தப் போட்டோவில் இருந்ததுதான் தப்பு. புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

குயில்ட் தைப்பதற்கு நான் புதிதல்ல. இரண்டு வருஷமாகச் சதுரங்களையும் முக்கோணங்களையும் இணைத்து, நடுவில் பஞ்சு ஷீட், அடியில் ஒரு துணி என்று மூன்று அடுக்காகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நேர்கோட்டு வேலை. அதில் வெட்டிய விளிம்பும் தையல் கோடும் ஒரே நீளம், அதனால் இரண்டும் வேறு வேறு என்ற நினைப்பே வராது. ஆறரை இஞ்ச் விளிம்பு, கால் இஞ்ச் உள்ளே தள்ளி ஆறரை இஞ்ச் தையல். விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

வளைவில் அப்படியில்லை. தைத்து முடித்தபின் 4 இஞ்ச் ஆரமுள்ள கால்வட்டம் வேண்டுமென்றால் தையல் கோட்டின் நீளம் 6.28 இஞ்ச். கால்வட்டத் துண்டின் வெட்டு விளிம்பு இந்தக் கோட்டுக்குக் கால் இஞ்ச் வெளியே, அதாவது 4¼ இஞ்ச் ஆரத்தில் இருக்கும். நீளம் 6.68. குழிந்த துண்டின் விளிம்பு அதே கோட்டுக்குக் கால் இஞ்ச் உள்ளே, 3¾ இஞ்ச் ஆரத்தில். நீளம் 5.89. இரண்டு விளிம்புக்கும் முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம். அப்படி இருந்தால்தான் சரி. ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும் இரண்டு துண்டுகளை வெட்டினேனே, அவற்றின் விளிம்புகள் சமம். தைக்கும் கோடுகள் சமமில்லை. மிச்சமான முக்கால் இஞ்ச் போக இடமில்லாமல் அலையாக எழுந்து நின்றது. போதாக்குறைக்கு, முடிந்த சதுரம் வளைவுக்குக் குறுக்கே அரை இஞ்ச் குறைந்தும் போயிருந்தது.

அம்மா இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. "கைக்குழி வெட்டுறப்ப தையலுக்கு உள்ள விடுவோம், கையில வெளிய விடுவோம். வெட்டினதுக்கு அப்பறம் ரெண்டையும் பக்கத்துல வெச்சா பொருந்தவே பொருந்தாது. பொருந்தினா அந்த பிளவுஸ போட முடியாது" என்றாள். அவ்வளவுதான்.

சரி, இத்தனை வருஷம் கைக்குழியில் கை ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். பிளவுஸில் மிச்சம் மீதியை உடம்பு வாங்கிக்கொள்ளும். கையின் மேல்வளைவைக் கைக்குழியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டி, தோள்பட்டையில் நெருக்கிக் கொடுப்பார்கள். பிரின்சஸ் கட் என்கிற பிளவுஸ் வெட்டிலும் இரண்டு பக்க வளைவும் ஒன்றாகிறபோது துணி முன்னால் குமிழ வேண்டும், அதற்காகத்தான் அந்த வெட்டே. குயில்ட்டில் மிச்சத்தை வாங்க ஆளில்லை. தரையில் விரித்தால் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். அதனால் தையல் கோடுகள் இரண்டும் நூல் பிசகாமல் ஒரே நீளமாக இருந்தாக வேண்டும்.

கணக்கில் இன்னொன்றும் அகப்பட்டது. கால்வட்டம் எந்த அளவாக இருந்தாலும் இரண்டு விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் மாறுவதில்லை. 8 இஞ்ச் ஆரத்துக்கும் 0.79 இஞ்ச்தான், 2 இஞ்ச் ஆரத்துக்கும் 0.79 இஞ்ச்தான். கால்வட்டம், கால் இஞ்ச் தையல் என்றால் அது நிலையான எண். ஆனால் பெரிய வளைவில் அந்த முக்கால் இஞ்சைப் பன்னிரண்டரை இஞ்ச் நீளத்தில் பரப்பிவிடலாம். சின்னதில் மூன்று இஞ்சுக்குள் அடக்க வேண்டும். சின்னத் துண்டு சுலபம், முதலில் அதில் கை பழகலாம் என்று 2 இஞ்சில் ஆரம்பிப்பவர்கள் அழுதுவிட்டுப் போவது இதனால்தான். ஆரம்பிக்கிறவர்கள் பெரிதாக ஆரம்பிக்க வேண்டும். கால் இஞ்சுக்குப் பதில் பிளவுஸ் பழக்கத்தில் அரை இஞ்ச் விட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகி ஒன்றரை இஞ்சைத் தாண்டும். குயில்ட்காரர்கள் கால் இஞ்சில் பிடிவாதமாக இருப்பதை நான் வெள்ளைக்காரர்களின் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். வளைவில் அது வேலையைப் பாதியாக்குகிறது.

தட்டை மூட்டை கட்டிவிட்டு, துணிமேல் வைத்து வரைய அளவு அட்டை வெட்டினேன். கடையில் அக்ரிலிக்கில் விற்கிறார்கள், விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். வீட்டில் அப்பாவின் பழைய எக்ஸ்ரே ஃபிலிம்கள் ஒரு கட்டு இருந்தன. அட்டைக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை: கத்தரிக்கு வெட்டுப்படும், விளிம்பு தேயாது, ஊடுருவித் தெரியும். அப்பாவின் இடது முழங்காலில் இப்போது என் எல் துண்டு, அதாவது ஆங்கில எல் மாதிரி இருக்கும் அந்தக் குழிந்த துண்டு, இருக்கிறது.

வெட்டும் முறை இது. 6½ இஞ்சில் இரண்டு சதுரம். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில், இரண்டு விளிம்பிலிருந்தும் கால் இஞ்ச் உள்ளே தள்ளி ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் வட்டத்தின் மையம், மூலை அல்ல. மூலையையே மையமாக வைத்ததால்தான் என் இரண்டாவது அட்டையும் குப்பைக்குப் போனது. ஒரு சதுரத்தில் 4¼ இஞ்ச் ஆரத்தில் வளைவு வரைந்து உள்பகுதியை எடுத்துக்கொண்டால் கால்வட்டம். இன்னொன்றில் 3¾ இஞ்சில் வரைந்து உள்பகுதியைத் தூக்கிப் போட்டால் எல் துண்டு. காம்பஸ் அவ்வளவு விரியாவிட்டால், கல்யாணப் பத்திரிகையில் ஒரு பட்டை வெட்டி, அதில் மூன்று ஓட்டை போட்டுக் குண்டூசியால் குத்திச் சுற்றலாம். முதல் ஓட்டையிலிருந்து ஒன்று 3¾, இன்னொன்று 4¼. அதையே இன்னும் வைத்திருக்கிறேன்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பிளவுஸ் பிட். கொலுவுக்குப் போன இடத்திலும் கல்யாணத்திலும் சீமந்தத்திலும் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை. நமக்கு வந்ததை நாம் இன்னொருவருக்குக் கொடுப்போம், அது ஊர் சுற்றி சில சமயம் நம்மிடமே திரும்பி வரும். அவற்றைக் குயில்ட்டாக்குவது என்று முடிவெடுத்ததே அந்தச் சுற்றை நிறுத்தத்தான். ஆனால் பாதிக்கு மேல் பாலியெஸ்டர் கலந்தவை. பாலியெஸ்டர் இஸ்திரிக்கு மடங்காது, கையால் அழுத்தினால் மடிப்பு நிற்காது, வளைவில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டினால் காகிதம் போலச் சாம்பலாவது பருத்தி, உருண்டு முத்தாகக் கட்டிக்கொள்வது கலப்படம். அப்படித் தேர்ந்தெடுத்ததில் டூ பை டூ பருத்தி மட்டும் பதினோரு நிறம் தேறியது. மற்றதெல்லாம் டிரங்குப் பெட்டிக்கே திரும்பிப் போய் அடுத்த நவராத்திரிக்குக் காத்திருக்கிறது.

டூ பை டூ மெல்லிசு. வளைவு என்றால் துணியின் எல்லாத் திசைகளையும் தொட்டுக்கொண்டு போகிற வெட்டு. இரண்டு முனையில் நேர் நூல், நடுவில் முழுக் கிராஸ், அதாவது நூலுக்குச் சாய்வான வெட்டு. கிராஸில் துணி ரப்பர் மாதிரி இழுபடும் என்பது பைப்பிங்குக்குக் கிராஸ் பீஸ் வெட்டியவர்களுக்குத் தெரியும். அந்த இழுபடுதல் நமக்கு வேண்டும், இல்லாவிட்டால் 5.89 இஞ்ச் விளிம்பை 6.68 இஞ்சோடு சேர்க்க முடியாது. ஆனால் நாம் கேட்கும்போது மட்டும்தான் இழுபட வேண்டும், கையில் எடுத்த நேரத்துக்கெல்லாம் அல்ல. அதற்கு அம்மாவின் மருந்து ஜவ்வரிசிக் கஞ்சி. சுங்குடிப் புடவைக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் கெட்டியாக. துணியை முழுதாகக் கஞ்சியில் நனைத்து, காயவைத்து, லேசாக ஈரம் தெளித்து இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டிய பின் கஞ்சி போட்டால் வளைவே கோணிக்கொள்ளும். முதல் தடவை போட்டபோது துணி நோட்டு அட்டை மாதிரி நின்றது. வெட்டுவது அவ்வளவு சுகம். அப்பளத்துக்கு வட்டம் போடுகிறாயா என்று அம்மா கேட்டாள், அன்றிலிருந்து அவளுக்குக் கால்வட்டம் என்றால் கால் அப்பளம்.

ஒரு எச்சரிக்கை. கஞ்சித் துணியை ராத்திரி மேஜையில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். கரப்பானுக்கு அது விருந்து.

இனி தைப்பது. கால் அப்பளத்தை நல்ல பக்கம் வெளியே தெரியப் பாதியாக மடித்து விளிம்பில் நகத்தால் ஒரு கீறல். எல் துண்டை நல்ல பக்கம் உள்ளே போக மடித்து ஒரு கீறல். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்தால் ஒரு மடிப்பு இன்னொன்றின் உள்ளே போய் உட்காரும். அங்கே ஒரு குண்டூசி. பிறகு இரண்டு முனை. இதில்தான் கண் ஏமாறும்: வளைவுகள் எதிரெதிராகத் திரும்பியிருப்பதால் துணி வேண்டாவெறுப்பாக நிற்கும், பொருந்தாது என்றே தோன்றும். முனைகளில் நேர் விளிம்பும் நேர் விளிம்பும் ஒரே கோட்டில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக் குத்திவிட வேண்டும். நடுவில் இருக்கும் தளர்ச்சியைப் பார்க்கக்கூடாது.

சிலர் இந்த மூன்று ஊசியோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலர் ஊசியே குத்தாமல் தைப்பார்கள். நான் ஒன்பது குத்துவேன், வெட்கமில்லை.

எது மேலே, எது கீழே என்பதில் குயில்ட் உலகம் இரண்டு கட்சி. நான் படித்த பலரும் குழிந்த எல் துண்டை மேலே வைக்கச் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. அம்மா சொன்னாள். "தளர்ச்சியா இருக்கறத கீழ வை. மெஷினோட பல்லு அத இழுத்து உள்ள தள்ளிடும்." மெஷினில் துணியை நகர்த்துவது கீழே இருக்கும் பல். மேலிருந்து அழுத்தும் ஃபுட் மேல்துணியைக் கொஞ்சம் பின்னுக்கு நிறுத்தும். அதனால் அடித்துணி எப்போதும் ஒரு பொட்டு அதிகமாக உள்ளே போகும். நேர்த் தையலில் நாம் திட்டுகிற அந்தக் குணம் வளைவில் உதவிக்கு வருகிறது. நீளமான விளிம்பு, அதாவது கால் அப்பளம், கீழே. எல் துண்டு மேலே. எனக்கு இந்தக் கட்சிதான் சரிப்படுகிறது.

தையல் இஞ்சுக்கு 12, 13 விழுகிற மாதிரி வைத்துக்கொண்டேன். நீளத் தையல் வளைவில் மூலை மூலையாகத் தெரியும். மெஷின் மெதுவாகப் போக வேண்டும். எங்களுடையது காலால் மிதிக்கிற பழைய கறுப்பு மெஷின், அதனால் அதுவாகவே மெதுவாகத்தான் போகும். அரை இஞ்சுக்கு ஒரு தடவை ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, மேல்துணியின் மடிப்பை இடதுபக்கம் ஒதுக்கிவிட்டு மறுபடி. ஃபுட்டுக்கு எதிரே வரும் ஒரு விரலகலம் மட்டும் தட்டையாக இருந்தால் போதும். அதற்கு அந்தப் பக்கம் துணி எப்படிச் சுருண்டு கிடந்தாலும் கவலையில்லை.

கால் இஞ்ச் சரியாக விழுகிறதா என்பதை வளைவுக்குப் போகும் முன்பே சோதித்துவிட வேண்டும். ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டிப் பக்கத்துப் பக்கத்தில் தைத்து, இஸ்திரி போட்டு அளந்தால் மொத்தம் மூன்றரை இஞ்ச், நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். எங்கள் மெஷினின் ஃபுட் ஓரம் கால் இஞ்சுக்கு ஒரு நூல் கூடுதல். ஊசியிலிருந்து அளந்து, பழைய விசிட்டிங் கார்டு இரண்டை ஒட்டி மெஷின் மேல் ஒரு கரை கட்டியிருக்கிறேன்.

கடைசி அரை இஞ்ச்தான் துரோகி. அதுவரை ஒழுங்காக வந்த துணி, ஊசியை எடுத்ததும் ஒரு பக்கமாக நழுவி, முடிந்த சதுரத்தின் ஓரத்தில் ஒரு படி விழும். முதல் பத்துச் சதுரத்தில் ஏழில் எனக்கு இந்தப் படி இருந்தது. ஃபுட்டுக்கு அடியில் போகும்வரை முனையை ஒரு ஊக்கின் முனையால் அழுத்திப் பிடித்துக்கொள்வது உதவியது. சிலர் அந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டுப் பசை வைப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பசைக்குச்சியே போதும், தண்ணீரில் போய்விடும்.

குழிந்த விளிம்பில் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டுப் போட வேண்டுமா? அம்மாவோடு எனக்குச் சண்டை வந்த ஒரே இடம் இது. கழுத்துக்கும் கைக்குழிக்கும் நறுக் நறுக்கென்று போட்டே பழகிய கை. பிளவுஸில் அரை இஞ்சும் அதற்கு மேலும் துணி இருக்கும், போடலாம். கால் இஞ்சில் வெட்டினால் தையலுக்கு மிஞ்சுவது ஒரு நூலகலம், இரண்டு துவைப்பில் பிசிராகிவிடும். 4 இஞ்ச் வளைவுக்குத் தேவையே இல்லை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் தைத்த நாலு சதுரங்களில் வெட்டு இருக்கிறது, என்னுடையதில் இல்லை. துவைத்த பிறகு பார்க்கலாம்.

இஸ்திரியில், தையலுக்கு வெளியே நிற்கும் மிச்சத் துணியை எல் துண்டுப் பக்கமே சாய்த்துவிடுங்கள். அந்தப் பக்கம் சாய்த்தால் கால் அப்பளத்தின் மிச்சம் தன் இயல்பான இடத்திலேயே படுக்கிறது, எல் துண்டின் மிச்சம் கொஞ்சம் இழுபட்டு விரிகிறது. கிராஸ் துணி என்பதால் மறுப்பில்லாமல் விரியும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் நீளமான விளிம்பு குறுகிய இடத்தில் நெருங்கி, கொசுவம் விழுந்து மேல்பக்கம் வரை தெரியும். பெட்டியைத் தேய்க்காமல், வைத்து வைத்து எடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து அளந்தால் ஆறரை வர வேண்டும். வராது. அதனால் இப்போதெல்லாம் எல் துண்டின் வெளி விளிம்புகளில் கால் இஞ்ச் கூடுதலாக விட்டு வெட்டுகிறேன். தைத்த பிறகு, வளைவு முடியும் இடத்திலிருந்து எல் பக்கம் 2¼ இஞ்ச் இருக்கிறதா என்று இரண்டு ஓரத்திலும் பார்த்து ஓரம் சீவிவிடுகிறேன். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. அவர்கள் 64 சதுரம் தைத்திருக்க மாட்டார்கள்.

ஆமாம், 64. எட்டுக்கு எட்டு, 48 இஞ்ச் குயில்ட். இந்தச் சதுரத்துக்கு அமெரிக்காவில் குடிகாரன் பாதை என்று பெயர். ஒவ்வொரு சதுரத்தையும் திருப்பித் திருப்பி வைத்தால் நீலப் பாதை ஒன்று இங்கும் அங்கும் தள்ளாடிக்கொண்டு போகும். அதே சதுரத்தை வேறு மாதிரித் திருப்பினால் முட்டாளின் புதிர், விழும் மரங்கள், காதல் வளையம் என்று வேறு வேறு பெயர். 1874இல் அங்கே கிறிஸ்தவப் பெண்களின் மதுவிலக்குச் சங்கம் தொடங்கியது. அந்தக் காலத்துப் பெண்கள் குடிக்கு எதிரான தங்கள் கோபத்தை இந்த வடிவில் நீலமும் வெள்ளையுமாகத் தைத்தார்கள் என்று சொல்வார்கள். இதைப் போர்த்திப் படுப்பவன் குடிகாரனாகிவிடுவான் என்று ஒரு நம்பிக்கையும் உண்டாம். அம்மாவிடம் சொன்னேன். "போர்த்தாமயே நம்ம தெருவுல எத்தனை பேரு" என்றாள்.

இவ்வளவு கணக்கும் வேண்டாம், வளைவு மட்டும் வந்தால் போதும் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. இரண்டு துணிகளை, இரண்டுக்கும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி, ஓரத்தில் சில இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, ஏறிய இடத்தில் ரோட்டரி கட்டர் என்கிற சக்கரக் கத்தியால் ஆற்றின் போக்கு மாதிரி மெல்ல ஒரு அலை வெட்டி, அப்படியே தைத்துவிடலாம். என் எவர்சில்வர் தட்டு செய்த அதே தப்புதான் இது. ஒரே கோட்டில் இரண்டு துணி. ஆனால் இங்கே பலிக்கும். காரணம் வளைவின் திருப்பம். கால்வட்டம் 90 டிகிரி திரும்புகிறது. மெல்லிய அலை 30 டிகிரி திரும்பினால் வித்தியாசம் கால் இஞ்ச்தான், அதைக் கிராஸ் துணி சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஆசைப்பட்டு அலையைச் செங்குத்தாக்கினால் அப்பளம் பொரிய ஆரம்பிக்கும்.

தைக்கவே பயம் என்றால் ஒட்டுவேலையும் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்கவிடும் தொம்பை தைப்பவர்கள் செய்வதுபோல வளைவை வெட்டி இன்னொரு துணியின் மேல் வைத்து ஓரம் தைத்துவிடுவது. அழகு. ஆனால் துணி இரட்டையாகும், மேல்தையல் போடும்போது கை வலிக்கும்.

இதுவரை 51 சதுரம் ஆகியிருக்கிறது. முந்தாநாள் அம்மா அவற்றைக் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "இதே ஒரு இஞ்ச்சுல வருமா?" என்று கேட்டாள். வராது என்றேன். 1.18 இஞ்ச் விளிம்பையும் 1.96 இஞ்ச் விளிம்பையும் சேர்க்க வேண்டும், மெஷினில் ஃபுட்டே அதைவிடப் பெரிது.

"மெஷினு யாருடி சொன்னா" என்று கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒன்பதாம் நம்பர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலையில் பார்த்தேன். உள்ளங்கை அளவுகூட இல்லாத சிவப்புச் சதுரம், மூலையில் சந்தனக் கலரில் கால் அப்பளம், உள்பக்கம் ஓட்டுத் தையல். தட்டையாகத்தான் இருந்தது. விளிம்பில் நாலு இடத்தில் கத்தரி வெட்டும் போட்டிருந்தாள்.